அத்தியாயம் 7: செட் ஆகுமா?

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம், நான்காவது மாடி. மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்தப் பையன் ஒரு மணி நேரம் நாங்கள் கேட்ட அத்தனைக்கும் பதில் சொன்னான். டேட்டாபேஸ் கேள்வி ஒன்றில் என்னையே திருத்தினான், மரியாதையாக. அவன் வெளியே போனதும் என் பக்கத்தில் இருந்தவர் பேனாவை மூடினார்.

"ஆளு நல்லாத்தான் இருக்கான். ஆனா நம்மகிட்ட செட் ஆவானா?"

"ஏன் ஆகாது?"

"தெரியல. ஏதோ ஒண்ணு."

அந்த 'ஏதோ ஒண்ணு'க்காக அவனை அனுப்பிவிட்டோம். நானும் வாதாடவில்லை. மணி ஒன்றரை, பசி. அவனுக்குப் பதிலாக எடுத்தவர் நன்றாகவே வேலை செய்தார். எனக்கு உறுத்துவது அதுதான். தப்பான ஆளை எடுத்தால் ஆறு மாதத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். சரியான ஆளைத் திருப்பி அனுப்பினால் அது யாருக்கும் தெரிய வராது. 'செட் ஆவானா' என்று கேட்கிற பெரியவர்கள் தங்கள் கணிப்பு ஒருமுறைகூடப் பிசகியதில்லை என்ற நம்பிக்கையோடு ஓய்வு பெறுவது இப்படித்தான்.

போன அத்தியாயத்தில் பாடக் கேள்விகளுக்குத் தயாராவதைப் பார்த்தோம். இந்த அத்தியாயம் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு நடக்கும் அந்த இரண்டு நிமிடப் பேச்சைப் பற்றியது. அது உங்கள் காதில் விழாது. ஆனால் அதே கேள்வியை நீங்களும் கேட்டுக்கொள்ளலாம்: இவர்கள் எனக்குச் செட் ஆவார்களா? கல்விக் கடன் தவணை தொடங்கிவிட்ட வீட்டில் இது கொழுப்பெடுத்த கேள்வியாகத் தெரியும். கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டிய நிலைமை எனக்கும் இருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. எதை எடுத்துக்கொள்கிறோம் என்று தெரிந்து எடுத்துக்கொண்டால் முதல் வருடம் கொஞ்சம் குறைவாக வலிக்கும்.

ஒரு சொல், உள்ளே பல சரக்கு

'செட் ஆகுமா' என்பதில் நியாயமான பங்கு ஒன்று உண்டு. இரவு ஷிஃப்ட்டில் சர்வர்களைக் கவனிக்கும் டீமுக்கு, சிக்கல் வந்தால் தனியே மல்லுக்கட்டாமல் உடனே அடுத்தவரை எழுப்புகிற ஆள் வேண்டும். ஐந்து பேர் மட்டும் இருக்கும் புதுக் கம்பெனிக்கு, சொல்லிக் கொடுக்க ஆளில்லாவிட்டாலும் தானே தொடங்குகிறவர் வேண்டும். இரண்டும் வேறு வேறு குணம். ஒன்றில் ஜொலிப்பவர் மற்றதில் திணறலாம். இதைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

பாக்கிச் சரக்கு வேறு. அமெரிக்கச் சமூகவியலாளர் லாரன் ரிவேரா, அங்குள்ள பெரிய முதலீட்டு வங்கிகள், சட்ட நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் ஆள் எடுப்பவர்கள் 120 பேரிடம் பேசி 2012-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தாங்கள் ஆடிய விளையாட்டை ஆடியவர், தங்களைப் போலவே பொழுதைக் கழிப்பவர், பேசிக்கொண்டிருந்தால் அலுக்காதவர் — இப்படிப்பட்டவர்கள் பக்கம் தராசு சாய்வதை அவர் பதிவு செய்தார். தராசைப் பிடித்தவர்களோ தகுதியைத்தான் எடை போடுவதாக நம்பினார்கள். நம் ஊரில் படகுப் போட்டியும் பனிச்சறுக்கும் கிடையாது. ஒரே காலேஜ், ஒரே கிரிக்கெட் பைத்தியம், ஒரே மாதிரி இங்கிலீஷ் ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன.

இன்னும் அடியில் ஒன்று இருக்கிறது. ஆய்வாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்தில் ஹெச்.ஆர். மேலாளர்களைச் சந்தித்து எழுதிய கட்டுரை 2007-இல் வெளிவந்தது. தகுதி ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்று அடித்துச் சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பதையும் அவசியமான கேள்வியாக வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று இடிப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. அதே ஆண்டில் சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்புகள் குறைந்தன.

நாம் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதை விட்டு எத்தனையோ காலம் ஆயிற்று, இனிஷியல்தான். அதனால் தகவல் வேறு வழியில் கேட்கப்படுகிறது. "சொந்த ஊர் எது?" என்பது பாதி நேரம் வெறும் பேச்சுத் துவக்கம். "ஊருக்குள்ளேயா, தள்ளியா?" என்று தொடர்ந்தால் அது வேறு கேள்வி.

இதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழி: தாலுகாவோடு நின்றுவிடுங்கள், நின்ற கையோடு பேச்சை வேலைக்குத் திருப்புங்கள்.

"சொந்த ஊர் எங்க?"

"மன்னார்குடிப் பக்கம் சார். நாலு வருஷமா சென்னைதான். ரெஸ்யூம்ல இருக்கிற ப்ராஜெக்ட் இங்க இருந்தப்ப பண்ணது."

அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விக்கும் அதே கணக்கு. உண்மை ஒரு வாக்கியம், அதிலிருந்து உங்கள் வேலைக்கு ஒரு வாக்கியம். "அப்பா லோடுமேன் சார். லீவுல நானும் கூடப் போவேன், சரக்குக் கணக்கு எழுதுறது என் பொறுப்பு." மறைக்கவும் வேண்டாம், கண்ணீர்க் கதையாக்கவும் வேண்டாம். கண் கலங்கி, தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, வேறு ஆளை எடுத்த பேனல்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெண்களிடம் "கல்யாணம் எப்போ?" என்று கேட்பது இன்றும் நிற்கவில்லை. ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-இலேயே சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த அறையில் சட்டம் பேசினால் வேலையும் கிடைக்காது, திருப்தியும் கிடைக்காது. "இந்த வேலைல மூணு வருஷமாவது இருக்கணும்னு வந்திருக்கேன் மேடம். மூணு வருஷத்துல இந்த இடத்துலேர்ந்து எங்க போக முடியும்?" என்று கேள்வியை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். வெளியே வந்ததும் நோட்டில் எழுதி வையுங்கள். அவர்களுடைய கலாச்சாரத்தை அவர்களே இலவசமாகக் காட்டியிருக்கிறார்கள்.

எந்தச் சுவரைப் படிப்பது

வரவேற்பறையில் உட்கார வைப்பார்கள். எதிர்ச் சுவரில் 'எங்கள் விழுமியங்கள்' என்று பெரிய எழுத்தில் ஐந்து சொற்கள் இருக்கும். நேர்மை கட்டாயம் அதில் ஒன்று. அதை மனப்பாடம் செய்து பேனலில் ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு, தேவையில்லாத உழைப்பு. பெயரிலேயே உண்மையை வைத்திருந்த சத்யம் என்ற ஐ.டி. கம்பெனி 2008-இல் நல்ல நிர்வாகத்துக்காக கோல்டன் பீகாக் விருது வாங்கியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் பொய் இருக்கிறது என்று கடிதம் எழுதினார். விருதைப் பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

எட்கர் ஷைன் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர் நிறுவனக் கலாச்சாரத்தை மூன்று அடுக்காகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரிவது, வாயால் சொல்வது, யாரும் சொல்லாமலே எல்லாரும் எடுத்துக்கொள்வது. போஸ்டர் இரண்டாவது அடுக்கு. நீங்கள் வாழப்போவது மூன்றாவதில். அது சுவரில் இருக்காது. ஆனால் அதன் நிழல் விழும் இடங்கள் உண்டு.

ஒரு இடம் சொல்கிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழுவை அமைத்த உத்தரவை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டவும் வேண்டும். விழுமியப் போஸ்டரை விட்டுவிட்டு இந்தக் காகிதத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் லிஃப்ட் பக்கத்திலோ கேன்டீன் வாசலிலோ இருக்கும். இருக்கிறதா? பெயர்கள் இருக்கின்றனவா? தேதி எந்த வருடம்? ஒரு கம்பெனியில் அந்தக் காகிதத்தில் முதல் பெயராக இருந்த அம்மாள் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பதே எனக்குப் போதுமான தகவலாக இருந்தது. ஆண்களும் இதைப் படியுங்கள். சட்டம் கேட்கும் ஒரு தாளை ஒழுங்காக ஒட்டாத இடம், உங்கள் பி.எஃப். பணத்தை ஒழுங்காகக் கட்டும் என்று எதை வைத்து நம்புவது?

வாசல் டீக்கடையில் அரை மணி நேரம்

இந்த நூலில் நான் சொல்லும் யோசனைகளில் செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இதுதான். இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்பு, மாலை ஆறிலிருந்து ஏழுக்குள், அந்த அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போங்கள். துரைப்பாக்கமோ சிறுசேரியோ அம்பத்தூரோ, கடை இல்லாத கம்பெனி வாசல் இல்லை. ஒரு டீ, ஒரு வாழைக்காய் பஜ்ஜி. போனைப் பையில் வையுங்கள்.

முதலில் மாஸ்டரிடம் கேளுங்கள். "அண்ணே, இந்தக் கம்பெனிக்காரங்க எந்நேரம் வருவாங்க?" "எந்நேரம்னு சொல்றது தம்பி? ராத்திரி பதினொண்ணுக்கும் வருவாங்க, ஞாயித்துக்கிழமையும் வருவாங்க." ஹெச்.ஆர். உங்களிடம் பத்து நிமிடம் விளக்கப்போகும் 'வேலைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள சமநிலை' இந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது.

அடுத்து, யார் யாரோடு நிற்கிறார்கள் என்று பாருங்கள். மேனேஜர் மாதிரி தெரிகிறவர் பையன்களோடு சேர்ந்து நின்று டீ குடிக்கிறாரா? அவர் வந்ததும் பேச்சு நிற்கிறதா, தொடர்கிறதா? கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு வாரின் நிறத்தையும் கவனியுங்கள். பல இடங்களில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வேறு நிறம். இரண்டு நிறமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் ஒரு கதை, தனித்தனியாக நின்றால் வேறு கதை. உங்களுக்கு வந்திருக்கும் வேலை எந்த நிறத்துக்கானது என்பதையும் இன்டர்வியூவுக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

புலம்பல் நிறையக் கேட்கும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். டீக்கடை என்பதே புலம்புவதற்குத்தான். புலம்பும் விதத்தைக் கேளுங்கள். சிரித்துக்கொண்டே, பெயர் சொல்லி, சத்தமாகத் திட்டினால் அது கல்யாண வீட்டுச் சமையலைக் குறை சொல்வது மாதிரி. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினால், அங்கே பயம் இருக்கிறது.

ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் போன்ற தளங்களின் விமர்சனங்களையும் படிக்கலாம். ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் ஒதுக்கிவிட்டு மூன்று நட்சத்திரக்காரர்களைப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரே விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை பார்த்தவர் யாராவது போனில் கிடைத்தால் "கம்பெனி எப்படிண்ணா?" என்று கேட்காதீர்கள், "பரவால்ல தம்பி" என்றுதான் பதில் வரும். "கடைசியா நீங்க திடீர்னு லீவு கேட்டப்ப என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும்.

'நாங்க' என்ற அடக்கம்

இனி அறைக்குள் போவோம். இருபது வருடத்தில் நம் பிள்ளைகள் வாய்ப்பை இழந்த காரணங்களில் நான் அதிகம் பார்த்தது இங்கிலீஷ் இல்லை. 'நாங்க' என்ற ஒரு சொல்.

"ப்ராஜெக்ட்ல என்ன பண்ணீங்க?"

"நாங்க ஒரு அட்டெண்டன்ஸ் ஆப் பண்ணோம் சார்."

"அதுல உங்க வேலை?"

"எல்லாம் சேர்ந்துதான் பண்ணோம் சார்."

வீட்டில் 'நான்' என்று ஆரம்பித்தாலே "என்ன நான் நான்னு?" என்று கேட்டு வளர்க்கிறோம். அந்தப் பிள்ளை இங்கே வந்து, இரவெல்லாம் கண் விழித்து ஒற்றை ஆளாக முடித்ததையும் நாலு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறது. பேனலில் இருப்பவர்களுக்கு அதை அடக்கம் என்று படிக்கத் தெரியாது. இவன் ஒன்றும் செய்யவில்லை, கூட இருந்தான் என்று எழுதிக்கொள்வார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வீடியோவில் இருந்தால் இன்னும் மோசம்.

எடுத்தவுடன் 'நான்' என்று தம்பட்டம் அடிக்க வேண்டாம். ஒரு வாக்கியம் 'நாங்க', அடுத்தது 'நான்'. "நாலு பேர் சேர்ந்து பண்ணோம். லாகின் பகுதியும் ரிப்போர்ட்டும் என்னோடது. முதல்ல ரிப்போர்ட் வர ஒரு நிமிஷம் ஆச்சு, க்வெரியை மாத்தி எழுதி நாலு செகண்டுக்குக் கொண்டு வந்தேன்." இதில் கர்வம் எங்கேயும் இல்லை, கணக்கு இருக்கிறது.

கலாச்சாரம் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் நடந்த கதையைக் கேட்கும் கேள்விகள்தான். மேலதிகாரியோடு ஒத்துப்போகாத சமயம், தவறு செய்த சமயம், யாரோ வேலை செய்யாமல் உங்கள் தலையில் கட்டிய சமயம். நான்கு கதைகளைத் தயாராக வையுங்கள். எல்லாம் காலேஜ் ப்ராஜெக்டாக இருக்க வேண்டியதில்லை. மாமாவின் மொபைல் கடையில் தீபாவளி வாரம் நின்றது, ஊர்த் திருவிழாவுக்கு வசூல் நோட்டு வைத்திருந்தது, எதுவானாலும் சரி. என்ன நிலைமை, என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று என்ற மூன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள் வர வேண்டும். கதையில் நீங்கள் தோற்றிருக்கலாம். "என் பலவீனம், எதையும் கச்சிதமா செய்யணும்னு நினைக்கிறது சார்" என்ற பதிலை மட்டும் தயவுசெய்து புதைத்துவிடுங்கள். அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. அந்த இடத்துக்குப் பிடிக்கும் என்று இல்லாத குணத்தைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கூட்டத்தில் பேசவே தயங்கும் ஒரு பெண் 'தினமும் புது ஆட்களிடம் பேசப் பிடிக்கும்' என்று சொல்லி விற்பனைப் பிரிவில் சேர்ந்தாள். வேலை கிடைத்தது. பிறகு தினமும் காலையில் அந்தப் பொய்யை உடுத்திக்கொண்டு பஸ் ஏற வேண்டியிருந்தது.

கடைசி ஐந்து நிமிடம்

"எங்களை ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். "நோ சார், தேங்க்யூ சார்" என்று எழுந்துவிடுவது பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணோடு பேசாமல் பஜ்ஜி மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவதற்குச் சமம். இந்த ஐந்து நிமிடம் உங்களுடையது.

நான் சொல்லும் கேள்விகளில் முதன்மையானது: இந்த இடத்தில் எனக்கு முன்பு இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? வேறு டீமுக்கு உயர்ந்து போனார் என்று உடனே சொன்னால் நல்லது. பேனலில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் பதில் கிடைத்துவிட்டது, அதன் பிறகு அவர்கள் என்ன சொன்னாலும். புதிதாக உருவான இடம் என்றால், ஏன் உருவாயிற்று என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை தேதிக்குள் முடியாமல் போனபோது என்ன நடந்தது என்பது இரண்டாவது. 'எங்களிடம் அப்படி நடப்பதே இல்லை' என்றால் பொய். யார் மேல் பழி போட்டார்கள் என்று கதை சொன்னால், அடுத்த பழி உங்கள் மேல். எங்கே பிசகியது, அதற்குப் பிறகு எதை மாற்றினோம் என்று சொன்னால் அந்த மேனேஜரிடம் தைரியமாக வேலை பார்க்கலாம். நேரம் இருந்தால், முதல் மூன்று மாதத்தில் நான் எதைச் செய்திருந்தால் நீங்கள் திருப்தி அடைவீர்கள் என்றும் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் திணறுகிறவரிடம் உங்கள் அப்ரைசல் என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள்.

லீவு, வீட்டிலிருந்து வேலை, சம்பளம் எல்லாம் நியாயமான கேள்விகளே. ஹெச்.ஆர். சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"இங்க எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி"

இந்த வாக்கியத்தைக் கேட்காமல் நீங்கள் வேலை தேடி முடிக்க முடியாது. சொல்வது யார் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும்.

கோவையிலோ திருப்பூரிலோ முதலாளியே நேரில் உட்கார்ந்து ஆள் எடுக்கும் கம்பெனியில், அது பாதிக்கு மேல் உண்மையாகவே இருக்கும். வீட்டில் விசேஷம் என்றால் முதலாளி வருவார். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் படிவம் நிரப்பாமல் பணம் வரும். அதே முதலாளி ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "கண்ணு, கன்டெய்னர் நாளைக்கு ஏத்தணும், வந்துரு" என்பார். அப்போது வார விடுமுறை பற்றிப் பேச முடியாது. குடும்பத்தில் யாராவது அப்படிப் பேசுவார்களா? சம்பள உயர்வும் கேட்டு வாங்குவதில்லை, கொடுத்து வாங்குவது. வாய்மொழி அதிகம், காகிதம் குறைவு. இந்த ஏற்பாட்டில் முப்பது வருடம் மனநிறைவோடு இருந்தவர்களை எனக்குத் தெரியும். முதலாளியின் மகன் எம்.பி.ஏ. முடித்து வந்த மறுமாதம் வெளியேறியவர்களையும் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே: முதலாளி ஊரில் இல்லாதபோது முடிவெடுப்பது யார்?

இரண்டாயிரம் பேர் இருக்கும் கம்பெனியில், நேற்றுச் சேர்ந்த ஹெச்.ஆர். பெண் அதையே சொன்னால் புன்னகைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். ஆட்குறைப்பு நடக்கும்போது தெரியும்: எந்தக் குடும்பமும் தம்பியையும் தங்கையையும் ஒரு மின்னஞ்சலில் வெளியே அனுப்புவதில்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அங்கே 'ஹோரென்சோ' என்ற சொல் காதில் விழும். அறிவித்தல், தகவல் சொல்லுதல், கலந்து பேசுதல் ஆகிய மூன்று ஜப்பானியச் சொற்களின் முதல் எழுத்துகளைக் கோத்தது. பசலைக்கீரைக்கும் அங்கே அதே உச்சரிப்புதான் என்பதால் மறக்காது. கெட்ட செய்தியைச் சின்னதாக இருக்கும்போதே மேலே சொல்லிவிடு என்பது அதன் சாரம். நாமோ 'சரிபண்ணிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்' என்று வளர்ந்தவர்கள். இயந்திரம் லேசாகச் சத்தம் போடுகிறது என்று இன்டர்வியூவில் ஒரு கற்பனைச் சூழல் கொடுத்தால், 'நானே கழற்றிப் பார்ப்பேன்' என்பது அங்கே கெட்டிக்காரத்தனமாக எடுபடாது.

கடிதம் வந்த பிறகு

ஆஃபர் லெட்டரைச் சம்பளத்துக்காக மட்டும் படிக்காதீர்கள். சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, 6 லட்சம் என்றால் மாதம் 50,000 கைக்கு வராது. கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, 'வேரியபிள்' என்ற பெயரில் வந்தாலும் வரக்கூடிய, வராமலும் போகக்கூடிய தொகை எல்லாம் அந்த 6 லட்சத்துக்குள்ளேயே இருக்கக் கூடும். மாதம் கையில் வருவது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்றால், அடுத்த கம்பெனி அத்தனை நாள் காத்திருக்குமா என்று இன்றே யோசியுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் அந்த இடம் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

உள்ளே போன முதல் மூன்று மாதம்

முதல் சங்கடம் கூப்பிடுவதில் வரும். ஐ.டி. கம்பெனியில் ஐம்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். எனக்கு நாக்கு வளைய ஆறு மாதம் ஆயிற்று. அதுவரை யாரையும் எதுவும் சொல்லி அழைக்காமலே வாக்கியம் அமைக்கும் கலையில் தேறியிருந்தேன். அவசரப்பட வேண்டாம். டீமில் மற்றவர்கள் எப்படி அழைக்கிறார்களோ அதைச் செய்யுங்கள். பெயர் சொல்லி அழைக்கலாம் என்பதால் அதிகாரம் இல்லாமல் போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது நம் மொழியிலேயே இருக்கிறது. 'முடிச்சிடலாம் சார்', 'ஆயிடும் சார்', 'பார்த்துக்கலாம்'. வீட்டிலும் கடைவீதியிலும் இவை வாக்குறுதிகள் கிடையாது. எதிரில் இருப்பவர் மனம் நோகாமல் இருக்கச் சொல்பவை. நமக்குள் சொல்லிக்கொள்ளும்போது சரியாகப் புரிந்துகொள்வோம். சிகாகோவிலோ புனேயிலோ இருப்பவர் இதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு தன் மேலதிகாரியிடம் தேதி சொல்லிவிடுகிறார். வெள்ளிக்கிழமை வேலை முடியாதபோது 'இவன் பொய் சொன்னான்' என்று ஆகிறது. ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை கெட்ட பல சண்டைகளைத் தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு 'முடிச்சிடலாம்' கிடக்கும். "வியாழன் மதியம் தர்றேன். டெஸ்ட் சர்வர் கிடைக்கலைன்னா வெள்ளி ஆகும், கிடைக்குமான்னு நாளைக்குக் காலைல சொல்றேன்." இப்படிச் சொல்லிப் பழகுங்கள். முதலில் எதிர்த்துப் பேசுவது போல இருக்கும். இரண்டு வாரத்தில் போய்விடும்.

சாப்பாட்டு நேரத்தைத் தனியாகக் கழிக்காதீர்கள். சில அலுவலகங்களில் உணவறைக்குள் அசைவம் கொண்டுவரக் கூடாது என்று எழுதாத விதி இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று மனதில் குறித்தும் வைத்துக்கொள்ளுங்கள். அட்மின் பகுதியில் பதினைந்து வருடமாக இருக்கும் அக்கா ஒருவர் எல்லா அலுவலகத்திலும் இருப்பார். எந்தப் படிவம் யார் மேசையில் தூங்கும், எந்த மேனேஜரிடம் காலையில் பேசக் கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும். அவரிடம் மரியாதையாக இருங்கள், காரியத்துக்காக மட்டும் என்று இல்லாமல்.

எதற்கெல்லாம் வளைவது? உடை, நேரம், கூப்பிடும் முறை, மின்னஞ்சல் எழுதும் பாணி, கூட்டத்தில் யார் முதலில் பேசுவது — இவற்றில் ஊர் வழக்கத்துக்கு வளைந்துவிடுங்கள். உங்களிடமிருந்து ஒன்றும் குறையாது. செய்யாத மணி நேரத்தை டைம்ஷீட்டில் எழுதச் சொன்னாலோ, ஓடாத சோதனையை ஓடியதாகக் கையெழுத்திடச் சொன்னாலோ அது கலாச்சாரக் கணக்கில் வராது. "இங்க எல்லாரும் அப்படித்தான்" என்பார்கள். எப்படி எழுத வேண்டும் என்று மெயிலில் அனுப்புங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் மெயில் வராது.

மூன்று மாதம் கழித்தும் ஞாயிறு மாலையில் வயிற்றைப் பிசைந்தால், முதலில் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். வேலை புதியது என்பதால் வரும் பயமா, ஒரே ஒரு மனிதரால் வருவதா, அந்த இடத்தின் நடைமுறையே ஒவ்வாததா? முதலாவது தானே போகும். இரண்டாவதுக்கு டீம் மாறலாம். மூன்றாவது என்றால் அடுத்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அம்மா பக்கத்து வீட்டில் ஏற்கெனவே இனிப்புக் கொடுத்திருப்பார்.

இப்படிச் சில மாதங்களில் விட்டுவந்த வேலையை ரெஸ்யூமில் மறைக்காதீர்கள். பி.எஃப். கட்டியிருந்தால் யு.ஏ.என். எண்ணில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். சரிபார்க்கும் ஏஜென்சி எடுத்துவிடும். அடுத்த இன்டர்வியூவில் கேட்பார்கள். பழைய மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தால் நாளை எங்களையும் இப்படித்தான் பேசுவான் என்று எழுதிக்கொள்வார்கள். "டெஸ்டிங் வேலைன்னு சேர்ந்தேன் சார், அங்க முழுக்க சப்போர்ட் வேலையா இருந்துச்சு. நாலு மாசம் பார்த்தேன், மேனேஜர்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன், மாறாதுன்னு சொன்னார். நோட்டீஸ் முழுசா முடிச்சுக் கொடுத்துட்டு, ரிலீவிங் லெட்டர் வாங்கிட்டுத்தான் வந்தேன்." இதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்காமல், அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள்.